சும்மா கிடந்த விரிப்பு

நாத்தனார் தான் தைத்த போர்வையைச் சோபாவில் விரித்துக் காட்டியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

சிவப்புக் கட்டம். ஓரத்தில் பச்சைக் கோடு.

அவளுடைய விரிப்பு. துண்டு துண்டாக.

நாத்தனார் கோகிலவாணி மாரியம்மன் பண்டிகைக்குப் பிறந்த வீடு வந்தவள். வந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. செல்போனில் பார்த்துப் பழகிய, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப் போர்வைக் கலையை இங்கேயே அரங்கேற்றிவிட்டாள். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்காம். புதுத் துணி என்றால் சாயம் போகுமாம், சுருங்குமாம். துவைத்துத் துவைத்து நைந்த பழைய பருத்தி விரிப்புதான் அதற்கு விசேஷமாம்.

அதற்குக் கடைக்கா போக வேண்டும்? அப்பா கட்டிய வீடு. எந்தப் பீரோவும் அவளுக்குத் திறக்கும். தம்பி பெண்டாட்டி நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் இன்னும் நன்றாகத் திறக்கும்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தாயிற்று.

அந்த விரிப்பில்தான் அவளுடைய அம்மா அவளைக் கிடத்தி வளர்த்தாள். கல்யாணச் சீரில், பித்தளைக் குடத்துக்கு அடியில் மடித்து வைத்து அனுப்பினாள். பச்சைப் பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது, பழந்துணிதான் உடம்பை அறுக்காது என்றாள்.

பதினோரு வருடம் அது பீரோவின் அடித்தட்டில் காத்திருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் துவைத்தாள். வெயிலில் போட்டாள். பூச்சி அண்டாமல் வசம்பு வைத்து மடித்தாள்.

எந்த விருந்தாளிக்கும் அவள் அதை விரித்ததில்லை.

“சும்மாதானே கெடந்துச்சு,” என்றாள் கோகிலவாணி. “யாருக்குன்னு பூட்டி வெச்சிருக்கற?”

சோபாவின் மறுகோடியில் இருந்த கணவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

சும்மா.

வளைகாப்புகளில் வளையல் போட அவளைக் கூப்பிட மாட்டார்கள். பந்தியில் பரிமாறக் கூப்பிடுவார்கள். சும்மாதானே நிக்கற, வா என்பார்கள். அவளும் போய்ப் பரிமாறினாள். பதினோரு வருடமும் பரிமாறினாள்.

இன்று அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அம்மாதான் கூடவே வந்து கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே அவள் வாயைப் பொத்தினாள். “மூணு மாசம் முடியட்டும். மாப்பிள்ளையத் தவிர யாருகிட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்டுரும்.”

மாப்பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துதான் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, வாயைத் திறக்கக் கூடாது. கைக்கு யாரும் தடை போடவில்லை.

நாத்தனாரின் சின்னக் கத்தரிக்கோல் டீப்பாயில் கிடந்தது. எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போர்வையை மடியில் இழுத்துப் போட்டு, ஒரு மூலையிலிருந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏய், என்ன பண்ற நீ? கண்ணு போவத் தெச்சிருக்கறேன்!”

அவள் தலை நிமிரவில்லை. நூலை வெட்டினாள். வராத இடத்தில் பல்லால் கடித்து இழுத்தாள்.

பூப்போட்ட துண்டுகள் எவருடையவோ. அவை தரையில் விழுந்தன.

சிவப்புக் கட்டம் போட்டவற்றை மட்டும் தொடையில் வைத்து நீவினாள். வசம்பு வாசனை இன்னும் போகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு முழச் சதுரம். இரண்டாக மடித்துப் பார்த்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, இடுப்பில் கட்டுகிற மாதிரி முக்கோணமாகவும் மடித்துப் பார்த்தாள்.

“அளவு சரியாத்தான் வெட்டியிருக்கறீங்க, அண்ணி,” என்றாள்.

கணவன் டிவியை அணைத்தான்.

கோகிலவாணி அந்த முக்கோணத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

அவள் அடுத்த தையலைத் தேடிக்கொண்டிருந்தாள்.