காகிதப் பட்டு

“வெள்ளிக்கெழம பொண்ணோட கல்யாண நாளும்மா. அன்னிக்கு மாப்ள கையில இது இருக்கணும்” என்றார் பச்சையப்பன்.

சோபனாவுக்கு மனசு குளிர்ந்து போனது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்கிறவள் அவள். கதர், ஜீன்ஸ், சாக்கு என்று எந்தத் துணியைக் காட்டினாலும், வெறும் காகிதத்திலேயே அதைக் கொண்டுவந்துவிடுவாள். எத்தனையோ காதலர்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்காக ஒரு மாமனார் கணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்தது இதுதான் முதல் தடவை.

மகளின் கல்யாணப் புடவையைப் போன வாரமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அரக்கு நிறத்தில் ஆரணிப் பட்டு. மாப்பிள்ளையே கடைக்கு வந்து தடவித் தடவிப் பார்த்து எடுத்ததாம். தொட்டால் அந்தப் புடவையைத் தொடுவது மாதிரியே அட்டை இருக்க வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான்.

செய்து வைத்திருந்த அட்டையை சோபனா பெருமையாக நீட்டினாள். பச்சையப்பன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அட்டையை ஒரு தரம் தடவினார், பிறகு புடவையை ஒரு தரம் தடவினார்.

“பொடவை ஒடம்பு சரியா இருக்குதும்மா. கரை வழவழன்னு இருக்குது. ஜரிகை உறுத்தும்ல, அது இல்ல.”

“இன்னாங்கய்யா, இப்பிடிப் பேஜார் பண்றீங்க? பாக்கறதுக்கு அசல் பட்டு மாதிரியே இல்ல?”

“பாக்கறதுக்கு வேணாம்மா. எடுத்ததும் கைக்குத் தெரியணும்.”

அவர் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. விசேஷத்துக்கு வாங்குகிற மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பாவது இருக்க வேண்டாமா? சோபனாவுக்குச் சப்பென்று இருந்தது.

“அவ்ளோ கஷ்டம் எதுக்கு? பொடவை உள்மடிப்புல ஒரு துண்டு வெட்டி ஒட்டிட்டா அச்சு அசலா இருக்கும். வெளிய தெரியவே தெரியாது.”

“துணி கூடாதும்மா. அங்க உள்ள விடமாட்டாங்க. காயிதம்னா விடுவாங்க.”

சவுதியாக இருக்கும் என்று சோபனா நினைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் தெருவுக்கு ரெண்டு பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஏர்போர்ட்டில் ஊறுகாய் பாட்டிலையே பிடுங்கி வைக்கிறவர்கள் துணியை மட்டும் விடுவார்களா என்ன?

அவரை உட்காரச் சொல்லி டீ கொடுத்துவிட்டு, வேலையை மறுபடி ஆரம்பித்தாள். கரை வரும் இடத்தில் பசையைக் கெட்டியாகப் பூசினாள். அது காய்வதற்குள் பேன்சீப்பால் குறுக்கும் நெடுக்கும் மெல்ல இழுத்தாள். இழை இழையாகக் கோடு எழும்பியது.

“மாப்ள எப்ப ஊருக்கு வர்றாரு?”

“அவன் வர வருசக்கணக்கா ஆவும்மா.”

மாப்பிள்ளையைப் போய் ‘அவன்’ என்கிறாரே என்று அவளுக்கு இருந்தது. சொந்த அக்கா மகனுக்கே கொடுத்திருப்பார், தூக்கி வளர்த்த பிள்ளையாக இருக்கும் என்று அவளே ஒரு முடிவு கட்டிக்கொண்டாள். மாமியார் மெச்சின மருமகள் கிடையாது என்பார்கள், மாமனார் மெச்சின மாப்பிள்ளை ஒருத்தன் இருக்கத்தான் செய்கிறான்.

“உங்க பொண்ணயும் கூட்டினு வந்திருக்கலாமே. அவங்க தொட்டுப் பாத்தா உடனே சொல்லிருப்பாங்க.”

“அவளால வர முடியாதும்மா.”

“மாசமா இருக்காங்களா?”

“இல்லம்மா.”

டீயில் ஆடை படிந்துவிட்டது. அதைக் குடிக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. மடியிலிருந்த புடவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பசை முக்கால்வாசி காய்ந்ததும், எழும்பி நின்ற கோடுகளின் மேல் மட்டும் படும்படி தங்கப் பொடியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது அவளுக்கே அது காகிதம் என்று நம்ப முடியவில்லை.

“உள்ள இன்னா எழுதட்டும்? ‘அன்புக் கணவருக்கு’ன்னு போடட்டுமா?”

“ஒண்ணும் எழுத வேணாம்.”

“பொண்ணு பேராவது?”

“பேரு வேணாம்மா. அவனுக்குத் தெரியும்.”

அட்டையை வாங்கி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் உடம்பைக் கடந்து கரைக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. வெகு நேரம் விரலை எடுக்கவில்லை. இதுவும் சரியில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் இன்னொன்று செய்து அனுப்ப முடியாது.

“இதாம்மா” என்றார் கடைசியில்.

சோபனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையைக் கவரில் போட்டுக்கொண்டே வாய் நிறையச் சொன்னாள். “பாருங்களேன், மாப்ள இதத் தொட்டதும் உங்க பொண்ணே பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கும்.”

“அதுக்குத்தாம்மா” என்றார் பச்சையப்பன்.

புடவையை மடித்துப் பையில் வைத்தார். கவரை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“ஜெயில்ல இருக்கான்மா. அவளக் கொன்ன கை, தொட்டுப் பாக்கட்டும்.”