முந்திப் போகாதவர்

மொட்டைத்தலைக்காரர் இந்தச் சுற்றிலும் முந்திப் போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால், தன் ஜோடியைத் தள்ளுவண்டி மாதிரித் தள்ளிக்கொண்டு, விடாமல் வந்துகொண்டிருந்தார்.

மெக்கானிக் ஒரு துணிக்கடைக்கு லிஃப்ட் மாட்ட இந்த ஊருக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. சொந்த ஊரில் பழகிய டாங்கோ நடனம் இங்கேயும் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மத்தியானமே மண்டபத்துக்கு வந்துவிட்டார்.

வாசலில் டிக்கெட் கிழித்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார். "வெளியூரா?"

"ஆமாங்க."

"அப்ப கேட்டுக்கோங்க. எல்லாரும் ஒரே பக்கமா வட்டமாத்தான் சுத்தணும். யாரையும் முந்தக் கூடாது, வரிசை மாறக் கூடாது. யாரோட ஆடணுமோ அவங்களைத் தூரத்துல இருந்து கண்ணால கேளுங்க. அவங்க தலையாட்டினா மட்டும் எழுந்து போங்க. கையைப் புடிச்சு இழுக்கற வேலையெல்லாம் இங்க வேண்டாம்."

மெக்கானிக் கையைப் பிடித்து இழுக்கிற ரகம் இல்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து, எதிர்ச் சுவரோரம் இருந்த பச்சை உடைக்காரப் பெண்மணியைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். மெக்கானிக் புருவத்தைத் தூக்கி முடிப்பதற்குள் அந்த அம்மாள் தலையாட்டிவிட்டார்.

"கொஞ்சம் தள்ளியே புடிங்க," என்றார் அருகே வந்ததும். "இன்னொண்ணு, என்னைச் சிரிக்க மட்டும் வெச்சிடாதீங்க."

ஆடும்போது பேசக் கூடாது என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். சிரிக்கவும் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அதில் அவருக்குச் சிரமமும் இல்லை. அவருக்கு யாரையும் சிரிக்க வைக்க வராது என்று அவர் மனைவியே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். கால் தரையில் படுவதே தெரியவில்லை. முதல் பாட்டின் பாதியில்தான் சுவர்க் கண்ணாடியில் மெக்கானிக் மொட்டைத்தலைக்காரரைக் கவனித்தார்.

நல்ல ஆகிருதி. எட்டு பேர் ஏறுகிற லிஃப்டில் இவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டியிருக்கும் என்று தொழில் பழக்கத்தில் மனசு கணக்குப் போட்டது. பச்சை உடைக்காரியின் இடுப்புப் பக்கம் போன அவர் பார்வை அங்கிருந்து நகரவே இல்லை.

என் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார் போல என நினைத்து, மெக்கானிக் கையை மெதுவாக மேலே ஏற்றி, அந்த அம்மாளின் தோள்பட்டை ஓரமாக வைத்துக்கொண்டார். பார்வை மேலே ஏறவில்லை.

பாட்டு முடிந்து ஜோடிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பின்னால ஒருத்தர், மொட்டைத்தலை. உங்களையே முறைச்சுக்கிட்டு வர்றார். தெரிஞ்சவரா?"

அந்த அம்மாள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்துகொண்டார்.

"ஐயோ, இவர் எப்படி இங்க வந்தார்? வீட்டை விட்டு வெளிய அடியெடுத்து வைக்க மாட்டேன்னு இவர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனே!"

மனைவியிடம் சொல்லப்போவதை மெக்கானிக் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். வேலைக்கு வந்த ஊரில், அடுத்தவர் மனைவியோடு ஆடி, அவர் புருஷனிடம் உதை வாங்கினேன். வீட்டில் இதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாலும் நன்றாக இல்லை.

"பேசாம போய் உக்காந்துடலாமாங்க?"

"இன்னும் ஒரே ஒரு பாட்டு. ஆடாம பத்து நாள் ஆச்சு. அடைச்சு வெச்ச மாதிரி இருக்கு எனக்கு." அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் மெக்கானிக்கால் மறுக்க முடியவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் பெண்டாட்டியைப் பூட்டி வைப்பானா என்று கோபம்கூட வந்தது.

அடுத்த பாட்டு தொடங்கியதும் அவர் செய்யக் கூடாததைச் செய்தார். வரிசையை உடைத்துக்கொண்டு உள்வட்டத்துக்குள் புகுந்தார். இரண்டு ஜோடிகள் முறைத்தன. டிக்கெட் அம்மாள் வாசலில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார்.

மொட்டைத்தலைக்காரரும் வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "எங்க பாத்து ஆடறீங்க?" என்று அவர் ஜோடி கேட்டது மெக்கானிக் காதில் விழுந்தது.

அப்போது பக்கத்தில் ஆடிய இளம் ஜோடி ஒன்று வேகமாகச் சுழன்றது. அந்தப் பெண் காலைப் பின்னால் வீச, அவளுடைய செருப்பின் கூர்மையான குதிகால் பச்சை உடைக்காரியை நோக்கி இடுப்பு உயரத்துக்குப் பறந்து வந்தது.

மொட்டைத்தலைக்காரர் தன் ஜோடியை நட்டநடுவில் விட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்தார். குதிகால் அவர் தொடையில் இறங்கியது. பாட்டு நின்றது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

வலியில் முகத்தைச் சுளித்தபடி அவர் பச்சை உடைக்காரியை நெருங்கினார். அந்த அம்மாள் மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். மெக்கானிக் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

"சார், எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுங்க. அவங்க மேல கை வைக்காதீங்க. உங்க சம்சாரத்தை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன்!"

மொட்டைத்தலைக்காரர் தொடையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சம்சாரமா? அவங்க வயித்துல நான் போட்ட தையலையே இன்னும் பிரிக்கலை சார்!"