கைப்பிடி உடைந்த குக்கர்

“பங்கு போடுறவர் கடைசியாத்தான் எடுக்கணும். அம்மா போட்ட சட்டம், ஞாபகம் இருக்குல்ல அண்ணா?” என்றாள் தங்கை.

“மறப்பேனா? நான் போடுறேன், நீ எடு” என்றார் ஆய்வாளர், பெருந்தன்மை வழியும் குரலில்.

சிறுவயதில் ஒரு கேக் துண்டுக்காக இருவரும் அடித்துக்கொண்டபோது அம்மா வகுத்த விதி அது. வெட்டுகிறவர் ஏமாற்றினால் நஷ்டம் வெட்டுகிறவருக்கே. இப்போது அம்மா இல்லை. அவள் இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கூடத்தில் சாமான்கள் இரண்டு குவியல்களாகக் கிடந்தன.

ஆய்வாளருக்கு எடையளவுத் துறையில் வேலை. கடை கடையாக ஏறி, தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய காந்தம்வரை கண்டுபிடிப்பவர். “காந்தம் ஒட்டினவனை அவன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்” என்று அலுவலகத்தில் புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவர்.

தம் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியில்லை. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியையும் துணியில் சுற்றி வலப்பக்கக் குவியலில் வைத்துவிட்டார்.

“என்ன அண்ணா, பீரோ, தையல் மிஷின், மிக்ஸி எல்லாம் வலது பக்கமே இருக்கு. இடது பக்கம் நசுங்கின பாத்திரமும் பழைய போர்வையுந்தான். பங்கு போடத் தெரியாதா உங்களுக்கு?”

“கடைசிவரைக்கும் அம்மாவைப் பாத்துக்கிட்டவ நீ. நல்லது உனக்குப் போகட்டுமே.”

சொன்ன பிறகு அவருக்கே கண் கலங்கியது. தம் நடிப்பில் தாமே ஏமாறும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். நசுங்கின பாத்திரங்களுக்கு நடுவே, கைப்பிடி உடைந்த குக்கருக்குள், அம்மாவின் கைக்கடிகாரம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவரே ஒளித்து வைத்தது.

அம்மா நர்ஸாக இருந்தவள். அவருக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள். விற்றால் பெரிதாக எதுவும் தேறாது. ஆனால் அது அவருக்கு வேண்டும். கேட்கத்தான் வாய் வரவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ஊட்டிவிட்டவள் தங்கை, அவர் செய்ததெல்லாம், “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று போனில் விசாரித்தது.

“அம்மா வாட்ச் கிடைச்சுதா அண்ணா?”

ஆய்வாளர் பழைய போர்வையை மறுபடியும் மடித்தார். “ஆஸ்பத்திரியிலதான் தொலைஞ்சிருக்கணும். அங்க போய் யாரைக் கேக்கிறது?”

“நல்லாத் தேடிப் பாத்தீங்களா?”

“தேடாம இருப்பேனா?”

தங்கை அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு நேராக இடப்பக்கக் குவியலுக்குப் போய்க் குக்கரைத் தூக்கினாள்.

“இதுக்குக் கைப்பிடியே இல்லையே” என்று அலுங்காமல் கீழே வைத்தாள். “நான் வலது பக்கத்தையே எடுத்துக்கறேன்.”

“உன் இஷ்டம்மா” என்றார் ஆய்வாளர். போனால் போகிறது என்பதுபோல் ஒரு பெருமூச்சும் விட்டார்.

வீட்டுக்கு அவர் சுமந்துவந்த மூட்டையை மனைவி வாசலிலேயே பிரித்துப் பார்த்தாள்.

“நல்லதெல்லாம் அங்க, நசுங்கினதெல்லாம் இங்க. ஊர்த் தராசையெல்லாம் இப்படித்தான் சோதிக்கிறீங்களா?”

“உனக்கு ஒண்ணும் புரியாது” என்று குக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். மூடியைத் திறந்தார்.

கடிகாரம் பத்திரமாக இருந்தது. ஆனால் அம்மாவின் மெல்லிய கறுப்புப் பட்டையைக் காணோம். அதன் இடத்தில் ஆண்கள் கட்டும் அகலமான தோல்பட்டை, புத்தம் புதிது. கட்டிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

பின்னால் வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஓ, இதுக்குத்தானா? நாலஞ்சு நாள் முன்னாடி உங்க தங்கச்சி போன் பண்ணி உங்க கை அளவு கேட்டா. என்ன விஷயம்னேன். ‘பாத்திரம் கழுவும்போது பாத்தேன் அண்ணி, அண்ணன் அம்மா ஞாபகமா ஒண்ணு எடுத்து வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை பங்கு போடும்போது நான் கேப்பேன், அவரே சொல்லிடுவாரு. நீங்க முந்திக்காதீங்க’ன்னா.”

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தவள் கேட்டாள்:

“சொல்லிட்டீங்கல்ல?”