ஒரே பென்சில்

கால்சென்டர் பயிற்சி அறையில் பென்சில் ஒன்றுதான். அதைக் குறுக்கே கடித்துக்கொண்டு சொல்லைச் சொன்னால்தான் அமெரிக்க உச்சரிப்புக்கு நாக்கு வளையும் என்பார் பயிற்சியாளர் டெரன்ஸ். 'கம்ஃபர்டபிள்' என்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 'கம்ஃப்டபிள்' என்றவர்களுக்கு வேலை. பல வாய்களில் புகுந்து, மஞ்சள் பூச்சு உரிந்து, மரம் ஊறி, நுரையோடு அது தமயந்தியிடம் வந்தது. சொந்த வீட்டிலேயே தண்ணீரை அண்ணாந்து குடிப்பவள் அவள்.

"கடிம்மா, பின்னாடி ஆள் நிக்குது," என்று அவசரப்படுத்தினார் டெரன்ஸ்.

கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். யாருடைய பல்லோ பதிந்த குழியில் அவள் பல் கச்சிதமாக உட்கார்ந்தது. யாரோ மென்ற பாக்கின் ருசி நாக்கில் ஏறியது. குமட்டலோடு சேர்ந்து அந்தச் சொல்லும் பிசிறில்லாமல் வெளியே வந்தது.

"அவ்வளவுதான். நீ பாஸ்," என்றார் டெரன்ஸ்.

எச்சில் நூலாக இழுபட, பென்சிலை அடுத்தவளிடம் நீட்டினாள். அவள் தமயந்தியின் வாயையே பார்த்தபடி துப்பட்டா நுனியால் அதைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.