ஆமை வீட்டு வாடை

"நல்லா குனிஞ்சு, மூக்கை உள்ள விட்டுப் பாருங்க டெய்லரம்மா. பூச்சு வாடை இருக்கா, போயிடுச்சா?"

மாடியில் குடியிருக்கும் டெய்லரம்மா, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, தோட்டத்து மரவீட்டுக்குள் தலையை விட்டார். ஆமைக்குக் கட்டிய வீடுதான், ஆனால் ராஜபோகம். மழைத் தண்ணீர் வழிந்தோடச் சாய்ந்த கூரை, ஏறி இறங்கச் சறுக்குப் பலகை, காற்றுக்கு ஒரு ஜன்னல் வேறு.

"இருங்கண்ணே, மூச்சு விடக்கூட நேரம் தர மாட்டீங்களா!"

கேட்டவர் கீழ்வீட்டுப் பெயிண்டர். ஆயுசு முழுக்கத் தின்னரில் ஊறிய மூக்கு அவருடையது. பூவும் சாக்கடையும் அதற்கு ஒன்றுதான். அதைச் சொல்லித்தான் ஒரு வாரத்துக்கு முன்னால் டெய்லரம்மாவைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இதே பரீட்சை. மனைவி போன பிறகு அந்த வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவர்தான். 'போயிடுச்சு' என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்கு வரப்போகிறார்?

"முதல்ல டீயைக் குடிங்க. ஆறிடப் போகுது," என்று டம்ளரை நீட்டினார்.

டெய்லரம்மா சறுக்குப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "இது என்ன பூச்சுன்னு சொன்னீங்க?"

"தண்ணியில கலக்குறது. கலரே கிடையாது, அடிச்சாலும் அடிச்ச மாதிரி தெரியாது. குழந்தைங்க கடிக்கிற பொம்மைக்கெல்லாம் இதான். வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்கும், யார் இல்லைன்னா? ஆனா நம்ம ஆமையாரு மரத்தைக் கண்டா கரகரன்னு சுரண்டித் தின்னுடுவாரே! கரையான் மருந்து போட்ட பலகையைத் தலையில கட்டப் பாத்தான் கடைக்காரன். சண்டையே போட்டுட்டேன்."

"அடேயப்பா, மாப்பிள்ளைக்குப் பாக்குற மாதிரி பாக்கறீங்க."

"என்ன செய்யறது? வீட்டுக்காரி வளர்த்தது. கடைசி நேரத்துல, 'ஆமையைப் பாத்துக்கோங்க'ன்னு என்கிட்ட சொன்னா. என்னைப் பாத்துக்கச் சொல்லி யார்கிட்டயும் சொல்லலை."

டெய்லரம்மா சிரிக்க வாயைத் திறந்து, சிரிக்காமல் டீயைக் குடித்தார்.

"ஆமைக்கு இன்னும் பாத்ரூம்லதானா குடித்தனம்?"

"அவரு உள்ள ஜம்முனு இருக்காரு. நான் வாசல் குழாயில குளிக்கிறேன்."

இந்தத் தடவை டெய்லரம்மாவுக்கு அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "காலையிலேருந்து இப்பதாண்ணே ஒரு மனுஷக் குரல் கேக்கறேன். மேல அந்த மெஷின் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை," என்றார்.

பெயிண்டர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். இனியும் தள்ளிப்போட முடியாது.

"சரி, சொல்லுங்க டெய்லரம்மா. வாடை போயிடுச்சுதானே?"

டெய்லரம்மா மறுபடி குனிந்தார். பலகையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, மூச்சை இழுத்து, கண்ணை மூடி யோசித்தார்.

"ம்ஹூம். இருக்குண்ணே. நெடி அப்படியே மூக்குல ஏறுது."

"நல்லா பாத்தீங்களா?"

"நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்? வாயில்லாத ஜீவனை இதுக்குள்ள விட்டா பாவம் நமக்குத்தான். நாளைக்கும் வந்து பாக்கறேன்."

பெயிண்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நாளைக்கும் டீ போட்டு வைக்கிறேன்."

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறித் தேய்ந்தது. பெயிண்டர் இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, டெய்லரம்மா கண்ணில் பட்டுத் தொலைக்கப் போகிறதே என்று, இன்னும் சீல்கூட உடைக்காத அந்தப் பூச்சு டப்பாவை அலமாரியில் பழைய சாக்குக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.