பூட்டிய வீடுகள்

“சார், கதவ மூடிடாதீங்க. மேல போஸ்ட்மாஸ்டருக்கு மூச்சுத் திணறுது. மருந்து கொண்டு போறேன்.”

லிஃப்ட் கதவுக்கு நடுவே காலை வைத்துத் தடுத்தபடி சாவியக்கா கெஞ்சினாள். கையில் மருந்துக்கடை உறை. இடுப்பில் கனமான சாவிக்கொத்து. அந்தக் குடியிருப்பில் சொந்தக்காரர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, இருபத்து மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றைப் பெருக்கித் துடைத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அவள் சொந்தப் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

உள்ளே நின்றிருந்த குடியிருப்புச் சங்கத் தலைவர், சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

“படிக்கத் தெரியுமில்ல? வேலைக்காரங்க படியிலதான் போகணும். போன மாசம் நான் போட்ட ரூல்.”

“ஏழாவது மாடி சார். முழங்கால் வேற வலிக்குது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்...”

“இன்னிக்கு உன்னை ஏத்தினா நாளைக்கு எல்லாரும் ஏறுவாங்க. இடுப்புல இத்தனை சாவி தொங்குதுன்னு வீடெல்லாம் உன்னுதுன்னு நினைப்போ? போற வழியில நாலாவது மாடியில என் மச்சினன் வீட்டுச் செடிக்கும் தண்ணி ஊத்திடு.”

பொத்தானை அழுத்தினார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் செல்போன் அடித்தது. பூட்டிய வீட்டுக்காரர்களில் ஒருவர்.

“அக்கா, செடி எப்படியிருக்கு? வீடியோல காட்டுங்களேன்.”

“அப்புறம்... காட்டுறேன் தம்பி. படியில இருக்கேன்.”

“ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“ஒண்ணுமில்ல தம்பி.”

ஏழாவது மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், மருந்தை இரண்டு முறை வாய்க்குள் அடித்து இழுத்தார். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பியது. சாவியக்கா தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“லிஃப்ட் ரிப்பேரா?”

“லிஃப்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு.”

போஸ்ட்மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. “அடுத்த மாசம் சங்கத் தேர்தல்ல நான் நிக்கிறேன்.”

“வேணாம் சார். அவரை எதுத்துப் பேசின வீட்டுக்குக் குழாய்ல தண்ணி வராது, கார் நிறுத்த இடம் கிடைக்காது. தெரியாதா? நீங்க தோத்தா என்னைக் கேட்டுக்குள்ளயே விடமாட்டாரு. இருபத்து மூணு வீட்டு வேலையும் போச்சு.”

“மூச்சு இருக்கிற வரைக்கும் நிக்கிறேன். எவ்வளவு நேரம் இருக்கும்னு மட்டும் கேட்டுடாத.”

தேர்தல் நாள். தரைத்தளக் கூடத்தில் கூட்டம். நடத்தியவரும் தலைவரேதான்.

“எனக்கு ஓட்டுப் போடறவங்க கை தூக்குங்க.”

இருபத்து நான்கு கைகள். தலைவர் தங்கள் பக்கம் பார்க்கிறாரா என்று கவனித்த சிலர், கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். போஸ்ட்மாஸ்டருக்குப் பதினான்கு.

“வெளியூர்க்காரங்க ஓட்டு?” என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர்.

“மறப்பேனா?” தலைவர் சட்டைப்பையிலிருந்து ஆறு கடிதங்களை எடுத்து வீசினார். “ஆக முப்பது. மச்சினன் லெட்டர் இன்னும் தபால்ல வரல. வந்தா என்ன, வராட்டி என்ன. வேற யார்கிட்டயாவது லெட்டர் இருக்கா?”

வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது.

“ஏய், இது ஓனருங்க மீட்டிங். உனக்கு இங்க என்ன வேலை?”

“ஓனருங்க அனுப்பித்தான் வந்தேன் சார்.”

கூடைப்பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். போஸ்ட்மாஸ்டரின் விரல்கள் பழைய வேகத்தில் அவற்றைத் தள்ளி எண்ணின. பதினாறு.

தலைவர் விதிப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். ‘உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதத்துடன் யார் வந்தாலும் ஓட்டு செல்லும்.’ போன வருடம் தன் ஆட்களை அனுப்பி ஓட்டுச் சேர்ப்பதற்காக அவரே சேர்த்த விதி. அடியில் அவர் கையெழுத்து.

“முப்பதுக்கு முப்பது” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

தலைவர் முகம் தெளிந்தது. “சமமா வந்தா பழைய தலைவரே தொடரணும். அதுவும் என் ரூல்தான். வாட்ச்மேன், நாளையிலேருந்து இந்த அம்மாவைக் கேட்டைத் தாண்ட விடாதே.”

“இன்னும் ஒண்ணு இருக்கு சார்.” சாவியக்கா பைக்குள் கைவிட்டு, தனியாக மடித்து வைத்திருந்த உறையை எடுத்தாள்.

போஸ்ட்மாஸ்டர் அதைப் பிரித்துக் கையெழுத்தைப் பார்த்தார். “செல்லும். முப்பத்தொண்ணு.”

கூடம் அதிர்ந்தது. முதலில் கைதட்டியவர்கள், சற்று முன் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திய அதே ஆட்கள்தான்.

“எவன் அவன்?” தலைவர் உறுமினார்.

“மத்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணி எழுத வெச்சதே இவருதான் சார். செடியக் காட்ட வீடியோல வர்றப்ப எல்லாம், ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குதுன்னு கேட்டாரு. நான் சொல்லல. விடாம கேட்டுக் கேட்டு வாயிலேருந்து பிடுங்கிட்டாரு.”

தலைவர் கடிதத்தைப் பறித்துப் பார்த்தார்.

தபாலில் வராமல் போன அவர் மச்சினனின் கடிதம் அது.