சந்திரனில் நண்டுக்கறி

"சந்திரனில நண்டுக்கறி ஆக்கினது ஆர், சஹ்லா?"

காத்தான்குடியில் இருந்த அந்தச் சின்ன டைப்செட்டிங் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக வினாயகமூர்த்தி கேட்டார். கொக்கட்டிச்சோலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

மனிதர் பதினொரு விஞ்ஞான நாவல்கள் எழுதியவர். கொப்பியில் எழுதுவார், சஹ்லா கணினியில் அடித்து அச்சகத்துக்கு அனுப்புவாள். அச்சான புத்தகத்தை அவர் திறந்தே பார்ப்பதில்லை. எழுதி முடித்ததைத் திரும்பிப் பார்ப்பது சோம்பேறி வேலை என்பது அவர் கட்சி.

"இருங்க சேர். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"தேத்தண்ணி கிடக்கட்டும். நாளைக்கு எனக்கு விருது தாறாங்க. என்ட நடையப் பத்தி நான் அரை மணித்தியாலம் பேச வேணுமாம். கம்பசில படிக்கிற அஜந்தா எண்டொரு பிள்ள காலையில போன் எடுத்து, நண்டுக்கறி ஆக்குற இடத்தில அழுதிட்டன் எண்டு சொல்லுது. நான் எழுதினது அணு உலை வெடிக்கிறது. கறி எங்கால வந்த?"

சஹ்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது நான்தான் சேர்."

"அந்தப் பிள்ள சொன்ன ரோபோட கலியாணம்?"

"அதுவும் நான்தான்."

வினாயகமூர்த்திக்குக் கோபப்படுவதா, பயப்படுவதா என்றே தெரியவில்லை.

"எத்தன பக்கத்த மாத்தின நீ?"

"மாத்தல்ல சேர். உங்கட கையெழுத்து எனக்கு ஒரு வரியும் விளங்குறல்ல. முதல் நாவல்ல ஒரு சொல்லக் கேட்டதுக்கே, எழுத்தாளனக் கேள்வி கேக்காத, அடி எண்டு ஏசினீங்க. பொறகு நான் கேக்கல்ல. பதினொண்டும் நானா யோசிச்சு அடிச்சதுதான்."

"பொய் சொல்லாத. முத்து முத்தா எழுதித் தந்திருக்கன். எடு அந்தக் கொப்பிய, நான் வாசிச்சுக் காட்டுறன்."

அவள் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். முதல் பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுப்பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கும் போனார்.

பிறகு கொப்பியை மெல்ல மூடிவிட்டு, கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி மகள், முதலாவது கதையில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லு. நாளைக்கு நான் பேச வேணும்."